சிறுவரின் ஒவ்வாமைக் கண்நோய்: ஆராய்ச்சியின் புதிய போக்குகள்

பள்ளிச் சிறுவருள் சிலர் ஓயாமல் கண்களைக் கசக்கிக்கொண்டிருப்பதை ஆசிரியர்கள் கண்டிருத்தல் கூடும். கண் சிவந்து, வெயிலில் கூசி, நீர் வடியும். நூல்போல் இழுபடும் பீளையும் காணப்படும். இவ்வறிகுறிகள் ஆண்டுதோறும் திரும்பி வருமாயின், இளவேனிற் கண்ணழற்சி என்னும் ஒவ்வாமை நோயோ என ஐயுறுதல் வேண்டும். ‘மெட்ராஸ் ஐ’ என மக்கள் கூறும் நோயைப்போல் இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. மருத்துவர் இந்நோயென உறுதி செய்தபின், சிறுவனை வகுப்பினின்று விலக்கிவைக்க வேண்டியதில்லை.

யாரைத் தாக்குகிறது?

இந்நோய் பெரும்பாலும் 10 வயதிற்குள் தொடங்குகிறது. வெப்பமும் வறட்சியும் மிக்க நாடுகளில் மிகுதி. ஐரோப்பாவில் இளவேனிற் காலத்தில் தோன்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது. இந்தியாவிலோ பலருக்கு இஃது ஆண்டு முழுவதும் நீடிக்கிறது. ஹைதராபாத்துக் கண் மருத்துவமனை ஒன்றில் 468 நோயாளிகளைப் பற்றி நடைபெற்று 2013-இல் வெளியான ஆய்வில், ஆண்களின் தொகை பெண்களின் தொகையைப்போல் ஆறு மடங்கிற்கு மேற்பட்டிருந்தது. பருவ வயதிற்குப்பின் நோய் பெரும்பாலோர்க்குத் தானே தணிந்துவிடும். அதுவரை பார்வையைக் காத்தலே சிகிச்சையின் நோக்கமாகும்.

காரணம் பற்றிய ஆராய்ச்சி

ஒவ்வாமைக்குக் காரணமான இம்யூனோகுளோபுலின்-ஈ என்னும் இரத்தப் புரதம் 1966–67-இல் கண்டறியப்பட்டது. மகரந்தம், தூசி முதலியவை இப்புரதத்துடன் சேரும்போது சில உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியிடுகின்றன. அதனால் அரிப்பு உண்டாகிறது. எனினும், இத்தாலியில் 195 நோயாளிகளை ஆராய்ந்து 2000-இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஒவ்வாமைச் சோதனைகள் எதனையும் காட்டவில்லை. ஆகவே வேறு வழிகளும் இருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. டி-அணுக்கள், இயோசினோபில்கள் ஆகிய வெள்ளணுக்களின்பால் ஆராய்ச்சி திரும்பியது. இயோசினோபில்கள் வெளியிடும் புரதங்கள் கருவிழியின் மேற்படலத்தைச் சிதைக்க வல்லவை. இதனால் சிலர்க்குப் புண் உண்டாகி, ஆறியபின் தழும்பு நின்று பார்வையை மறைக்கிறது.

சிகிச்சையில் மாற்றம்

நோய் கடுமையாகும்போது மருத்துவர்கள் ஸ்டீராய்டுச் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு அளிப்பர். அரிப்பு விரைவில் அடங்குகிறது. அதனாலேயே தீங்கும் விளைகிறது. பழைய மருந்துச் சீட்டைக் காட்டி, அம்மருந்தையே மாதக்கணக்கில் வாங்கி இடும் பெற்றோர் உளர். நெடுநாள் இடப்படின் கண்புரையும் கண்நீர் அழுத்த நோயும் தோன்றலாம். பின்னது வலியின்றியே பார்வை நரம்பை அழிக்கும். இழந்த பார்வை மீளாது. தானே தணியக்கூடிய நோய்க்கு இட்ட மருந்தினால் சிறுவன் குருடாதல் பெருங்கொடுமையன்றோ!

இதனைத் தவிர்க்கும் பொருட்டே ஸ்டீராய்டு அல்லாத மருந்துகள் ஆராயப்பட்டன. உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் பயன்படும் சைக்ளோஸ்போரின் டி-அணுக்களின் செயலை அடக்குவது, கண்ணழுத்தத்தை உயர்த்தாதது. இந்நோய்க்கென அமைந்த அதன் சொட்டு மருந்திற்கு ஐரோப்பாவில் 2018-இலும் அமெரிக்காவில் 2021-இலும் அனுமதி வழங்கப்பட்டது. டாக்ரோலிமஸ் என்பதும் இவ்வினத்ததே. இவற்றின் பயன் புலப்படச் சில வாரங்கள் ஆகலாம். தொடக்கத்தில் எரிச்சலும் இருக்கலாம். இதனை முன்னரே எடுத்துரைத்தால் பெற்றோர் மருந்தை இடையில் நிறுத்தமாட்டார்கள்.

களத்தில் செய்யத்தக்கவை

கண்ணைக் கசக்குதல் கருவிழி மெலிந்து கூம்பு வடிவாகப் புடைப்பதற்குத் துணைசெய்கிறது. ஆதலின், அரிக்கும்போது தூய குளிர்நீரில் நனைத்த துணியை மூடிய இமைகளின்மேல் வைக்கப் பழக்குதல் நன்று. வெயிலில் தொப்பியும், இயலுமாயின் கறுப்புக் கண்ணாடியும் உதவும். வகுப்பில் கண் கூசாத இடத்தில் அமர்த்தலாம். தாய்ப்பால், இலைச்சாறு முதலியவற்றைக் கண்ணில் விடுதல் கூடாது.

சிறுவன் எத்தகைய சொட்டு மருந்தை, எத்துணை நாட்களாக இடுகிறான் என்பதைக் களப்பணியாளர் கேட்டறிதல் வேண்டும். ஸ்டீராய்டு இடுவோர்க்குக் கண்ணழுத்தத்தை அளந்து பார்ப்பது இன்றியமையாதது. ஆயினும் மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். கண் திறக்க இயலாமை, வலி, பார்வை மங்கல், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றுள் ஒன்று காணினும் காலம் தாழ்த்தாது கண் மருத்துவரிடம் அனுப்புக.