கணிப்பொறியின் மிகைவிரைவும் அதனால் விளையும் தடுமாற்றமும்

விரைவை விரும்பாதார் உலகத்து இலர். மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் வண்டியில், நடை ஒன்று குறையுமென்று எண்ணி, அளவுக்கு மேற் கரும்பை ஏற்றுவாரை எம் பக்கத்துச் சாலைகளிற் காணலாம். அச்சு முறியும்வரை அஃது ஊதியமாகவே தோன்றும். கணிப்பொறியின் செயலியை, அதனைச் செய்தார் குறித்த அளவினும் மிகுந்த விரைவில் ஓட்டுதலும் இத்தகையதே. இதனை ஓவர்கிளாக்கிங் என்பர். யாம் ஈண்டு மிகைவிரைவு என வழங்குவாம். மிகைவிரைவு ஊட்டப்பெற்ற பொறி தடுமாறுமாயின், அதன் காரணத்தை நாடும் முறை யாதென்பதே இக்கட்டுரையின் பொருள்.

எழுத்துக்கு மாத்திரை எப்படியோ அப்படியே செயலிக்குத் துடிப்பு. நம் இலக்கண நூலார் கண்ணிமைக்கும் பொழுதினை மாத்திரைக்கு அளவாகக் கொண்டனர். 4 கிகாஹெர்ட்ஸ் விரைவுடைய செயலியோ நொடிக்கு 400 கோடி முறை துடிக்கின்றது. ஒளியே ஒரு துடிப்பினுள் ஏழரைச் சென்டிமீட்டருக்கு மேற் செல்லவியலாது. பெரும்பாலான பொறிகளில் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பினை ஒரு பெருக்கெண்ணாற் பெருக்க இவ்விரைவு பெறப்படும். பெருக்கெண் 45 ஆயின் விரைவு 4.5 கிகாஹெர்ட்ஸ் ஆம். அவ்வெண்ணை உயர்த்துதலே இக்காலத்து மிகைவிரைவின் எளிய வழி. 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த செலரான் 300ஏ என்னும் செயலியிற் பெருக்கெண்ணை மாற்றவியலாமையின், அடிப்படைத் துடிப்பினை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தி, 300 மெகாஹெர்ட்ஸ் பொறியைப் பலர் 450-இல் ஓட்டினர்.

இனித் தடுமாற்றம் பிறக்குமாறு கூறுவாம். ஒவ்வொரு துடிப்பினுள்ளும் மின்குறிகள் தத்தம் இடத்தைச் சென்றடைந்து நிலைபெற்றாதல் வேண்டும். அவை நிலைபெறுமுன் அடுத்த துடிப்பு வந்துவிடின், ஒன்று சுழியாகவும் சுழி ஒன்றாகவும் பிழைபடும். மின்னழுத்தத்தை உயர்த்தினால் மின்குறிகள் விரைந்து செல்லும். எனவே பிழை நீங்கும். ஆயின் வெப்பம் மிகும். செயலி இயங்குதற்குச் செலவாகும் ஆற்றல் விரைவோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருபடியோடு நேர்விகிதத்திலும் வளர்வதாகும். விரைவைப் பத்திலொரு பங்கும் அழுத்தத்தைப் பத்திலொரு பங்கும் உயர்த்தினால், ஆற்றல் பத்திலொரு பங்கன்று, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உயர்ந்துவிடும். வெப்பம் மிக்க இடத்து மின்குறிகளின் வேகம் தளர்தலும் உண்டு. ஆகவே ஒரு பிழையை நீக்க உயர்த்திய அழுத்தமே மற்றொரு பிழைக்கு வித்தாதல் காண்க.

ஈண்டு ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. திரை நீலமாகி நின்றுவிடும் பொறியைக் குறித்து நாம் அஞ்ச வேண்டுவதில்லை. அது தன் நோயைத் தானே சொல்லிவிட்டது. நில்லாமல் ஓடிக்கொண்டே பிழையான விடையைத் தரும் பொறியே அஞ்சத்தக்கது. ஊர்ப்புறத்துத் தட்டச்சுக் கடையில் நில அளவுக் கணக்கும், பள்ளியின் மதிப்பெண் பட்டியலும், மாணவர் ஈராண்டு உழைத்து எழுதிய ஆய்வேடும் ஒரே கணிப்பொறியில் இருத்தல் கூடும். அவற்றுள் ஓரெண் மாறினும் மாறியதை அறிவார் யார்? ஆதலின் பொறி தொடங்கிவிட்டது, பாட்டுப் பாடுகின்றது என்பது கொண்டு அஃது உறுதியுடையதென்று துணிதல் தகாது. அதன் விடைகள் சரியானவை என்று மெய்ப்பித்த பின்னரே அவ்வாறு துணிதல் வேண்டும்.

நிற்க. காரணம் நாடுவார் முதற்கண் செய்யவேண்டுவது பின்வாங்குதல். பயாஸ் என்னும் தொடக்க அமைப்பினுட் சென்று, எல்லாவற்றையும் செய்தார் வகுத்த நிலைக்கே மீட்டல் வேண்டும். பொறி அறவே தொடங்காதாயின், மின்னிணைப்பை நீக்கி, மதர்போர்டிலுள்ள காசு வடிவ மின்கலத்தைச் சில நிமிடம் கழற்றிப் பொருத்தினால் பெரும்பாலும் அவ்வமைப்புத் தொடக்க நிலைக்கு மீளும். இயல்பு நிலையிலும் தடுமாற்றம் நீங்காதாயின் குற்றம் பெரும்பாலும் வேறிடத்தது. மின்வழங்கி, நினைவகம், வட்டு, தூசு ஆகியவற்றை ஆராய்க. முன்னரே மிகை அழுத்தத்தில் நெடுநாள் ஓடிய செயலி தேய்ந்திருத்தலும் கூடும். பிறர் கையாண்டு விற்ற பொறியை வாங்குவோர் இதனை மறவாதிருப்பாராக.

இரண்டாவது, செயலியையும் நினைவகத்தையும் பிரித்தறிதல். எக்ஸ்எம்பி என்னும் அமைப்பை இயக்குதலும் நினைவகத்துக்கு ஊட்டும் மிகைவிரைவே என்பதைப் பலர் அறியார். அதனை நிறுத்தி, நினைவகத்தைப் பொதுவிரைவில் வைத்து, மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை ஓரிரவு முழுதும் ஓட்டுக. அதன்கண் ஒரே பிழை தோன்றினும் அது பிழையே, புறக்கணித்தற்குரியதன்று.

மூன்றாவது, செயலியை மட்டும் சோதித்தல். ஜார்ஜ் வோல்ட்மன் என்பார் பெரும் பகா எண்களைத் தேடுதற்கு 1996-இல் தொடங்கிய முயற்சியினின்றும் பிறந்த பிரைம்95 இதற்குப் பெரிதும் பயன்படும். அது விடை முன்னரே அறியப்பட்ட கணக்குகளைச் செயலியிடம் தந்து, வந்த விடையோடு ஒப்பிடுகின்றது. எனவே பொறி நில்லாவிடினும் பொய் வெளிப்படும். விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேட்டில் வன்பொருட் பிழை திருத்தப்பட்டதாக எச்சரிக்கை காணப்படின், அதுவும் ஒரு சான்றாம்.

பிழை கண்டவிடத்து, முதலில் விரைவை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பார்த்தலே அறிவுடைமை. அழுத்தத்தை உயர்த்துவதாயின் நூற்றிலொரு வோல்ட்டு அளவிற் சிறிது சிறிதாக உயர்த்துக. ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. செய்ததனையும் விளைந்ததனையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. மூன்றனை ஒருங்கே மாற்றியவன், பொறி திருந்தினும் எதனால் திருந்திற்றென அறியான்.

தடுமாறும் வேளையும் ஒரு குறிப்புத் தரும். கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கும்போது வீட்டு விளக்கு மங்குதலை நாம் அறிவோம். அதுபோலவே செயலியின்மேற் பளு திடீரென ஏறும்போது அதன் மின்னழுத்தம் சற்றுத் தாழும். கடும்பளு ஏறியவுடன் பொறி நிற்குமாயின், இத்தாழ்வை முதலில் ஐயுறுக. பளு ஏறிப் பல நிமிடம் கழிந்தபின் நிற்குமாயின் வெப்பத்தை ஐயுறுக. வேலையின்றி இருக்கும்போது நிற்குமாயின், தாழ்ந்த விரைவுக்கு வகுத்த அழுத்தம் போதாமையை ஐயுறுக. நீலத்திரையும் இன்றி விளக்கணைந்தாற்போல அணைந்துவிடின், மின்வழங்கியையும் ஊரின் மின்னோட்டத்தையும் ஐயுறுக.

வெப்பத்தைப் பற்றி எம் ஊர் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. கல்வராயன் மலைக்குக் கிழக்கே, சமவெளியில் உள்ளது ரிஷிவந்தியம். மலைமேலுள்ள குளிர்ச்சி ஈண்டுக் கோடையில் இல்லை. காற்றாடி செயலியைக் குளிர்விப்பது அறையின் காற்றைக் கொண்டே ஆதலின், அறையின் வெப்பம் எவ்வளவு உயருமோ, ஏறத்தாழ அவ்வளவு செயலியின் வெப்பமும் உயரும். எடுத்துக்காட்டாக, 22 பாகை வெப்பமுள்ள மார்கழி இரவில் 78 பாகை காட்டும் செயலி, அறை 38 பாகையாகும் சித்திரை நண்பகலில் ஏறத்தாழ 94 பாகை காட்டும். இக்காலச் செயலிகள் பல 95 அல்லது 100 பாகையளவில் தம்மைக் காத்தற்பொருட்டுத் தாமே விரைவைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மார்கழியில் தேர்ந்த பொறி சித்திரையில் தவறுதல் வியப்பன்று. சோதனையை நண்பகலிற் செய்க, தூசு போக்குக, உலர்ந்த வெப்பப் பசையை மாற்றுக.

மிகை அழுத்தத்தின் தீமைக்கு அண்மைக்காலச் சான்று ஒன்று கூறுவாம். இன்டெல் நிறுவனத்தின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகள் சில, உடையவர் யாதும் மாற்றாதிருந்தும் தடுமாறின. வேண்டுமளவினும் மிகுந்த மின்னழுத்தமே காரணமென்று அந்நிறுவனம் 2024-ஆம் ஆண்டு அறிவித்து, ஆகஸ்ட் திங்களில் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தையும் ஈராண்டு நீட்டித்தது. மேலும் ஆராய்ந்து, துடிப்பினைச் செயலியினுள் பரப்பும் சுற்றே மிகுந்த அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மூப்படைந்ததென்று செப்டம்பரில் விளக்கிற்று. அத்திருத்தம் மேல்வருங் கேட்டைத் தடுக்கவல்லதேயன்றி, முன்னரே தேய்ந்ததனைப் புதுப்பிக்கவல்லதன்று. செய்தார்க்கே இவ்வாறாயின், கணக்கின்றி அழுத்தம் ஏற்றுவார்க்குக் கூறவும் வேண்டுமோ?

மிகைவிரைவு குற்றமென்று யாம் கூறவில்லை. பொறியின் உள்ளியல்பை அறிதற்கு அஃது ஒரு நல்ல பயிற்சியே. பிறர் கணக்கும் எழுத்தும் காக்கும் பொறியில் அதனைச் செய்தல் மட்டும் ஆகாது. தன்பொருட்டு வைத்துள்ள பொறியிற் செய்வாரும், முதலில் தம் எழுத்துக்களை வேறொரு வட்டிற் படியெடுத்து வைத்துப் பின்னர்த் தொடங்குக. நூறு மெகாஹெர்ட்ஸ் விரைவை இழந்தமையால் எவரும் வருந்தார். தவறான ஓரெண்ணால் ஒரு குடும்பத்தின் நிலத்துக்கு வழக்கு நேரலாம். மாணவ நண்பர்காள், விரைவை நாடுவோம். விடையின் மெய்ம்மையை அதற்கு முன் வைப்போமாக.