மோசடி கால் வந்தா மறைக்காதீங்க: மூலக்குளத்துல ஒரு வார இறுதி சொல்லிக் கொடுத்த பாடம்



சம்பளம் வந்த முதல் வாரம் நம்ம எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போகும். வாடகை, இஎம்ஐ, எஸ்ஐபி, வீட்டுக்குக் கொஞ்சம். மிச்சம் இருக்கிறதை வெச்சு மாசம் முழுக்க ஓட்டணும். அந்த மிச்சம் ஒரே ஒரு மெசேஜை நம்பினதுல போனா எப்படி இருக்கும்?

புதுச்சேரி மூலக்குளத்துல ரூம் எடுத்துத் தங்கி, சேதராப்பட்டுல வேலை பார்க்கிற என் நண்பன் ஒருத்தனுக்கு நடந்ததைச் சொல்றேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு ஒரு கால். "சார், உங்க பார்சல் அட்ரஸ் கிடைக்கல. டெலிவரி பையன் நம்பரை மெசேஜ்ல அனுப்பியிருக்கேன், அதை அப்படியே டயல் பண்ணுங்க." அவனும் ஏதோ ஆர்டர் போட்டிருந்தான். டயல் பண்ணிட்டான். அந்த நம்பருக்கு முன்னாடி *21* இருந்ததை அவன் கவனிக்கல.

*21* போட்டு ஒரு நம்பரை டயல் பண்ணினா, உங்களுக்கு வர்ற எல்லா காலும் அந்த நம்பருக்குத் திரும்பிடும். மோசடிக்காரன் அவனோட வாட்ஸ்அப்பைத் தன் போன்ல போட்டு, "கோடை கால் மூலமா சொல்லு"ன்னு கேட்டான். அந்தக் கால் நேரா அவன்கிட்டயே போச்சு. வாட்ஸ்அப் கைமாறிடுச்சு. அடுத்த பத்து நிமிஷத்துல நண்பனோட பேர்ல, நண்பனோட போட்டோவோட, "மச்சி அவசரம், ஆஸ்பத்திரியில இருக்கேன், இந்த நம்பருக்கு ஜிபே பண்ணு, நாளைக்குத் தந்துடறேன்"னு மெசேஜ் பறந்துச்சு.

ராத்திரியே ரூம்மேட் பார்த்துச் சொல்லி, வாட்ஸ்அப்பை மீட்டுட்டான். அவன் அக்கவுண்ட்ல இருந்து ஒரு ரூபாய் கூடப் போகல. "சரி, முடிஞ்சுது"ன்னு படுத்துட்டான். வெளிய சொன்னா கேலி பண்ணுவாங்களேன்னு யார்கிட்டயும் சொல்லல. ஆனா முந்தின நாள் போன மெசேஜ் மத்தவங்க போன்ல அப்படியே இருக்கு இல்லையா? ஞாயித்துக்கிழமை காலைல அதைப் பார்த்து ரெண்டு பேர் பணம் போட்டாங்க. ஒருத்தர் 8,000, இன்னொருத்தர் 12,000. திங்கட்கிழமை ஆபீஸ்ல "உடம்பு இப்ப எப்படி இருக்கு?"ன்னு கேட்டப்பதான் விஷயமே வெளிய வந்துச்சு.

அந்த 20,000 ரூபாய் போனது அவன் ஏமாந்ததால மட்டும் இல்லை. ஏமாந்ததைச் சொல்லாம விட்டதாலயும்தான்.

போன் கம்பெனி உங்களோடதா இருந்தா?

காலைல பாண்லே பூத்ல பால் வாங்கறோம் இல்லையா? அது பால் உற்பத்தியாளர்களோட கூட்டுறவு. இதே மாதிரி அமெரிக்க கிராமங்கள்ல டெலிபோன் கூட்டுறவு சங்கங்கள் இருக்கு. பெரிய கம்பெனிகள் லாபம் இல்லைன்னு லைன் இழுக்காத ஊர்கள்ல மக்களே சேர்ந்து ஆரம்பிச்சாங்க. 1949-ல அந்த நாட்டு அரசு, கிராம மின்சாரத்துக்குக் கொடுத்த கடன் திட்டத்தை டெலிபோனுக்கும் நீட்டிச்ச பிறகு இவை நிறைய வளர்ந்துச்சு. கனெக்‌ஷன் வெச்சிருக்கிறவங்கதான் உறுப்பினர், ஒருத்தருக்கு ஒரு ஓட்டு. செலவு போக மிச்சம் இருந்தா அது உறுப்பினர்கள் கணக்குல சேரும்.

இந்தச் சங்கங்கள் உறுப்பினர்களுக்குச் செய்தி மடல் அனுப்புவாங்க. பொதுக்குழு எப்போ, எந்தப் பசங்களுக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சுது மாதிரி ஊர்ச் செய்திகளோட, "இப்படி ஒரு மோசடி கால் வருது, உஷார்"னு எச்சரிக்கையும் இருக்கும். ஒருத்தருக்கு வந்த கால் ஊருக்கே செய்தியாயிடும். நமக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை. ஆனா அது செய்யற வேலையை நாமளே செய்யலாம்.

பேங்க் பணத்தைத் திருப்பித் தருமா?

இங்கதான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. 2017 ஜூலை 6-ம் தேதி ஆர்பிஐ ஒரு சுற்றறிக்கை வெளியிட்டுச்சு. உங்க தப்பும் இல்லாம, பேங்க் தப்பும் இல்லாம, வேற எங்கயோ நடந்த கோளாறால உங்களுக்குத் தெரியாம பணம் போனா, பேங்க் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உங்களுக்கு நஷ்டம் இல்லை. 4-ல இருந்து 7 நாளுக்குள்ள சொன்னா, சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு உங்க பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதுக்கும் மேல லேட் ஆனா, அந்தந்த பேங்க்கோட பாலிசிதான்.

ஆனா ஓடிபி, பின் நம்பரை நீங்களே கொடுத்திருந்தா கணக்கு வேற. பேங்க்குக்குச் சொல்ற வரைக்கும் போன பணம் உங்க நஷ்டம், சொன்ன பிறகு போனா பேங்க் பொறுப்பு. என் நண்பனோட ஆபீஸ்காரங்க கதை இன்னும் மோசம். அவங்களே யுபிஐ பின் போட்டு அனுப்பினாங்க. அதனால "எனக்குத் தெரியாம போச்சு"ன்னு சொல்லவும் வழியில்லை. இந்த மாதிரி கேஸ்ல நமக்கு இருக்கிற ஒரே துணை வேகம்தான்.

பணம் போயிடுச்சுன்னா உடனே செய்ய வேண்டியது

1. உடனே 1930-க்கு கால் பண்ணுங்க. எந்த பேங்க், எவ்வளவு பணம், எப்போ போச்சு, டிரான்சாக்‌ஷன் நம்பர் என்னன்னு கையில வெச்சுக்கோங்க. மோசடிக்காரன் எடுக்கிறதுக்குள்ள அந்தப் பணத்தை நிறுத்தி வைக்கத்தான் இந்த நம்பரே இருக்கு. அப்புறம் தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல புகாரை முழுசாப் பதிவு பண்ணுங்க.

2. பேங்க்குக்கும் தனியாச் சொல்லி, புகார் எண் வாங்கி வெச்சுக்கோங்க. 30 நாள்ல சரியான பதில் வரலைன்னா ஆர்பிஐ ஒம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம், கட்டணம் கிடையாது. இதைப் பத்திக் கேட்க ஆர்பிஐயோட நம்பர் 14448.

3. வாட்ஸ்அப் கைமாறிட்டா, முதல்ல ##002# டயல் பண்ணி கால் ஃபார்வர்டிங் எல்லாத்தையும் ரத்து பண்ணுங்க. அப்புறம் உங்க நம்பரைத் திரும்பப் போட்டு, எஸ்எம்எஸ்ல வர்ற ஆறு இலக்க கோடைக் கொடுத்தா அவன் வெளிய போயிடுவான். அதுக்கப்புறம் செட்டிங்ஸ்ல டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட மறக்காதீங்க. இதையெல்லாம் முடிச்ச கையோட ஸ்டேட்டஸ்லயும் எல்லா குரூப்லயும் சொல்லிடுங்க.

இப்பவே அஞ்சு நிமிஷத்துல செய்யக்கூடியது

*#21# டயல் பண்ணிப் பாருங்க, உங்க கால் வேற எங்கயாவது போகுதான்னு தெரிஞ்சுடும். அடுத்து, தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போங்க. ஆப்பும் இருக்கு. உங்க பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு காட்டும். ஒருத்தர் பேர்ல அதிகபட்சம் 9 சிம் வரைக்கும்தான் இருக்கலாம். நீங்க வாங்காத நம்பர் இருந்தா அங்கயே "இது என்னோடது இல்லை"ன்னு குறிச்சிடலாம்.

அதே தளத்துல 'சக்‌ஷு'ன்னு ஒரு வசதி, 2024 மார்ச்ல வந்தது. பணம் போகாட்டியும், சந்தேகமான கால், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் மெசேஜ் வந்தா அங்க புகார் பண்ணலாம். "நான்தான் ஏமாறலையே, எனக்கு எதுக்கு?"ன்னு விட்டுடாதீங்க. நீங்க தப்பிச்ச அதே நம்பர்ல இருந்து அடுத்த கால் உங்க அம்மாவுக்கு வரலாம்.

குரூப்ல ஒரு மெசேஜ் போடுங்க

உங்க தெரு, அப்பார்ட்மெண்ட், ஆபீஸ் குரூப்ல குட் மார்னிங் படம் தினமும் வருது. அதுக்கு நடுவுல இப்படி ஒண்ணு போடுங்க: "இன்னிக்கு சாயங்காலம் எனக்கு கூரியர்னு சொல்லி கால் வந்துச்சு. *21* போட்டு டயல் பண்ணச் சொன்னாங்க. பண்ணாதீங்க. என் பேர்ல பணம் கேட்டு மெசேஜ் வந்தா, எனக்கு கால் பண்ணி என் குரலைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க." இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லை. ஏமாத்தினவன்தான் வெட்கப்படணும்.

என் நண்பன் இப்ப அந்த ரெண்டு பேருக்கும் மாசம் 2,000 வீதம் திருப்பிக் கொடுத்துட்டு இருக்கான். அவங்க கேட்கல, இவனுக்கு மனசு கேட்கல. சனிக்கிழமை ராத்திரியே ஒரு வரி ஸ்டேட்டஸ் போட்டிருந்தா, அந்தப் பணம் இன்னிக்கு அவன் எஸ்ஐபி-ல இருந்திருக்கும்.

*#21# டயல் பண்ணிப் பார்த்துட்டீங்களா? இல்லைன்னா இப்பவே பண்ணுங்க. அப்படியே வீட்டுல இருக்கிறவங்க போன்லயும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க.