கூலி உயர்வு மறுத்தனர். புதிய இசை பிறந்தது!

மணிக்கு 2½ சென்ட் கூலி உயர்த்திக் கேட்டார், ஒரு டிராக்டர் டிரைவர். (100 சென்ட் ஒரு டாலர்.) பண்ணை மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். அந்த வாரமே அவர் ஊரை விட்டு ரெயில் ஏறிவிட்டார்.

அப்படிப் போனவர்தான் மட்டி வாட்டர்ஸ். "புளூஸ்" என்னும் இசையை உலகம் முழுவதும் ஒலிக்கச் செய்த பாடகர், கிதார் கலைஞர்.

பாட்டி வைத்த பெயர்

இவருடைய இயற்பெயர் மெக்கின்லி மார்கன்பீல்டு. அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1913 என்றும், 1915 என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

சிறு வயதிலேயே தாயை இழந்தார். பாட்டி டெல்லா கிராண்ட் எடுத்து வளர்த்தார். பேரன் ஓயாமல் சேற்றில் விளையாடுவதைப் பார்த்து, "மட்டி" என்று செல்லப் பெயர் வைத்தார் பாட்டி. "சேறு படிந்தவன்" என்று பொருள். "வாட்டர்ஸ்" என்பது பிறகு ஒட்டிக்கொண்டது.

அவர்கள் வாழ்ந்தது, கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகே ஸ்டோவால் என்ற பருத்திப் பண்ணையில். அந்தக் காலத்தில் மிசிசிப்பிப் பண்ணைகளில் பங்குக்குப் பயிரிடும் முறை இருந்தது. நிலம் முதலாளியுடையது. விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கடன். பருத்தி விற்றதும் கணக்குப் பார்ப்பார்கள். கணக்குப் புத்தகம் முதலாளி கையில்! ஆண்டு முழுவதும் பாடுபட்ட பல குடும்பங்களுக்குக் கடைசியில் கடன்தான் மிஞ்சியது.

அப்படிப்பட்ட வயல்களில் வளர்ந்ததுதான் புளூஸ். அதன் அமைப்பு எளிமையானது. முதல் அடியைப் பாடி, அதையே மீண்டும் ஒரு முறை பாடுவார்கள். மூன்றாவது அடி அதற்குப் பதில் சொல்லும். பாட்டு நிற்கும் இடத்தில் கிதார் பேசும். குப்பியின் கழுத்தையோ உலோகக் குழாயையோ விரலில் மாட்டித் தந்தியின் மேல் இழுத்தால், மனிதர் விம்முவது போலவே கிதார் ஒலிக்கும்.

மட்டி முதலில் வாசித்தது மவுத் ஆர்கன். வீட்டிலிருந்த குதிரையை விற்ற பணத்தில் தன் பங்கைக் கொண்டு, சுமார் 2½ டாலருக்கு முதல் கிதாரை வாங்கினார். சன் ஹவுஸ் என்ற கலைஞர் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

தன் குரலைத் தானே கேட்டார்

1941-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவு செய்ய அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சார்பில் ஆலன் லோமாக்ஸ் பண்ணைக்கு வந்தார். ஜான் வொர்க் என்ற கறுப்பினப் பேராசிரியரும் உடன் வந்தார். மட்டி அப்போது ரகசியமாகச் சாராயம் விற்றுவந்தார். எனவே, "பிடித்துப் போகத்தான் வந்திருக்கிறார்கள்" என்று முதலில் பயந்தார்!

பயம் தெளிந்து பாடினார். பதிவானதைப் போட்டுக் காட்டினார்கள். இசைத்தட்டில் பாடும் பெரிய பாடகர்களுக்குத் தன் குரல் சளைத்ததல்ல என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பிறகு 2 இசைத்தட்டுகளும், 20 டாலருக்கு ஒரு செக்கும் வந்து சேர்ந்தன.

1943-ல் அவருக்குக் கூலி மணிக்கு 22½ சென்ட். 25 சென்ட் கேட்டார். மறுப்புத்தான் பதில். சிகாகோவுக்குப் புறப்பட்டார்.

பகலில் ஆலை, இரவில் பாட்டு

அவர் மட்டும் போகவில்லை. 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென்பகுதியை விட்டு வெளியேறினார்கள். கூலி ஒரு காரணம். தென்பகுதியில் நிலவிய நிறவெறிக் கொடுமை மற்றொரு காரணம்.

சிகாகோவில் மட்டிக்குக் காகிதத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பிறகு, ஜன்னல் திரைகளை ஏற்றிச் செல்லும் லாரியை ஓட்டினார். இரவில் வீட்டு விருந்துகளிலும் மதுக்கடைகளிலும் பாடினார். முன்பே பெயர் பெற்றிருந்த பிக் பில் புரூன்சி என்ற பாடகர் கைகொடுத்தார்.

ஆனால் ஒரு சங்கடம். மதுக்கடை இரைச்சலில் மரக் கிதாரின் ஓசை எடுபடவில்லை. எனவே மட்டி மின்சாரக் கிதாருக்கு மாறினார். பாட்டு பழைய வயல் பாட்டுத்தான். சத்தம் மட்டும் நகரத்துச் சத்தம்! புதிதாக வந்திறங்கிய தொழிலாளர்களுக்கு அது சொந்த ஊர்க் குரலாகவும் இருந்தது, வந்த ஊரின் முழக்கமாகவும் இருந்தது.

1948-ல் அவர் பாடிய ஒரு இசைத்தட்டு, ஓரிரு நாளில் விற்றுத் தீர்ந்தது. பாடியவரே கடைக்குப் போய்க் கேட்டபோது, "ஆளுக்கு ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டார்களாம்!

பிறகு லிட்டில் வால்டர் மவுத் ஆர்கன், ஜிம்மி ரோஜர்ஸ் கிதார், ஓட்டிஸ் ஸ்பான் பியானோ என்று பெரிய குழுவே சேர்ந்தது. 1954-ல் வில்லி டிக்சன் எழுதிக் கொடுத்த "ஹூச்சி கூச்சி மேன்" பெரும் வெற்றி பெற்றது.

கடல் கடந்த புகழ்

1958-ல் இங்கிலாந்து சென்றார். சத்தத்தைக் கேட்டு விமர்சகர்கள் சிலர் அதிர்ந்தார்கள். இளைஞர்களோ மயங்கினார்கள். 1962-ல் லண்டனில் தோன்றிய "ரோலிங் ஸ்டோன்ஸ்" குழு, 1950-ல் அவர் பாடிய ஒரு பாட்டின் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டது.

புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. தன் பாடல்களின் உரிமைத் தொகை சரியாகத் தரப்படவில்லை என்று 1976-ல் பாடல் பதிப்பு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். வில்லி டிக்சனும் அவ்வாறே வழக்குத் தொடர்ந்தார். வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. பருத்திக் காட்டில் கணக்குக் கேட்க முடியாதவர், அறுபது வயதைக் கடந்தபின் கோர்ட்டுப் படியேறிக் கேட்டார்.

அதன்பின் வந்த ஆண்டுகள் நல்ல ஆண்டுகள். அவர் பெற்ற கிராமி பரிசுகள் மொத்தம் 6. 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் முன்னிலையில் வெள்ளை மாளிகையில் பாடினார். 1983-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி தூக்கத்திலேயே காலமானார்.

சிகாகோவில் 1954 முதல் சுமார் 20 ஆண்டுகள் அவர் வாழ்ந்த வீடு, ஊரிலிருந்து வந்த கலைஞர்கள் பலருக்குத் தங்குமிடமாக இருந்தது. அடித்தளத்தில் ஒத்திகை நடக்கும். அந்த வீட்டை 2021-ல் மாநகராட்சி நினைவுச் சின்னமாக அறிவித்தது. அவர் முதன்முதலில் தன் குரலைக் கேட்ட பண்ணைக் குடிசையின் மரச்சட்டங்கள், கிளார்க்ஸ்டேல் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன.