எண்ணெய் பிரித்த தண்ணீர் எங்கே போகும்?

விக்கிரவாண்டியில் திருச்சி சாலையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் சாலை பிரிகிறது. நெடுகப் பெட்ரோல் பங்குகள், தரைக்கடியில் அவற்றின் தொட்டிகள், கொஞ்சம் தள்ளிப் போனால் வயல், கிணறு, போர். தொட்டியோ குழாயோ அரித்து ஒழுகினால் என்ன ஆகும் என்பதை 2013-இல் சென்னை தண்டையார்பேட்டை காட்டியது. திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பகுதி வீடுகளின் போர் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்தது. துறைமுகத்திலிருந்து வரும் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது, சென்னை ஐஐடி ஆய்வு செய்தது, மீட்பு வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இப்படிப்பட்ட இடங்களில் கசிவைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். இறைத்துச் சுத்திகரித்த தண்ணீரை எங்கே, எந்த அளவுகோலில் வெளியே விடுவது என்பது ஓரமாகக் கிடக்கும். ஆபத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

பெட்ரோல் கலந்த நிலத்தடி நீரை இறைத்து, மிதக்கும் எண்ணெயைப் பிரித்து, காற்றைச் செலுத்தி ஆவியாகக் கூடியதை விரட்டி, கடைசியில் கரித் தொட்டி வழியே விடுவார்கள். அந்த ஆக்டிவேட்டட் கார்பன் நிரம்பிவிட்டால் பிறகு எதையும் பிடிக்காது, உள்ளே போனது அப்படியே வெளியே வரும். அப்போதும் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். கவலை, கரைந்திருக்கும் பென்சீனைப் பற்றியது. ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் இந்தப் பொருள், இங்கே விற்கும் பெட்ரோலில் கனஅளவில் 1 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ஆற்றில் விடும் கழிவுநீருக்கான நம் பொதுத் தர அளவுகளில் ‘எண்ணெயும் கிரீஸும் 10 மில்லிகிராம்’ என்ற வரி உண்டு, பென்சீனுக்கு வரியே கிடையாது. வழக்கமான எண்ணெய்ச் சோதனையில் கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சுவதை எடைபோடுகிறார்கள். பென்சீன் அந்த ஆவியோடேயே போய்விடும். ஆகவே 10 மில்லிகிராமுக்குக் குறைவு என்ற சான்றிதழ், பென்சீன் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் கழிவுநீருக்கு 2008 முதல் 0.1 மில்லிகிராம் பென்சீன் வரம்பு இருக்கிறது. ஆலைக்குப் பொருந்தும் கவனம், ஊர்க் கிணற்றை ஒட்டிய பங்குக்கு ஏன் பொருந்தக் கூடாது? சுத்திகரித்த நீரை வெளியே விடத் தனி இசைவாணை, அதில் பென்சீன் வரம்பு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கரித் தொட்டிகள், இரண்டுக்கும் நடுவே மாதிரி எடுக்கும் குழாய் ஆகியவற்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கட்டாயமாக்க வேண்டும். முதல் தொட்டி தோற்றது நடுக்குழாயில் தெரிந்துவிடும், இரண்டாவது ஊரைக் காக்கும்.

கெடுபிடி கூடினால் மீட்பு வேலையே தாமதமாகும், அழுக்கு நீர் மண்ணுக்குள்ளேயே கிடக்கும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். அதற்கான விடை நிபந்தனையைத் தளர்த்துவதில் இல்லை, முன்கூட்டியே எழுதி வைப்பதில் இருக்கிறது. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ வட்டார நீர் வாரியம் எரிபொருள் கசிந்த இடங்களுக்குப் பொருந்தும் ஒரு பொது அனுமதியை வைத்திருக்கிறது. வரம்பும் சோதனை முறையும் அதிலேயே இருப்பதால், ஒவ்வோர் இடத்துக்கும் புதிதாக விதி எழுத வேண்டியதில்லை. இன்னொரு வாதம், ஆற்றில் விட்டால் நீர்த்துப்போகும் என்பது. விக்கிரவாண்டிப் பக்கத்துச் சங்கராபரணி ஆற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறதா என்ன? கோடையில் அதில் எதை விட்டாலும் ஆறு அதுதான். மணலில் இறங்கி மறுபடி நிலத்தடிக்கே போகும், மழையில் புதுச்சேரிப் பக்கம் நகரும்.

சட்டம் மக்கள் கையில் கொடுத்திருப்பது கொஞ்சநஞ்சமில்லை. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நிலத்தடி நீரையும் ‘நீரோடை’ என்ற விளக்கத்துக்குள் சேர்த்திருக்கிறது. இசைவாணை நிபந்தனைகளின் பதிவேட்டை, பாதிக்கப்படுவோர் பார்க்கலாம் என்கிறது 25-ஆவது பிரிவு. விழுப்புரத்தில் உள்ள வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் அதைக் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் நகலும் கோரலாம். 2025 ஜூலையில் வந்த மாசுபட்ட இடங்களுக்கான மத்திய விதிகள், சுத்தப்படுத்தும் செலவை மாசு செய்தவர் மேல் வைக்கின்றன. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துடையது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவில் அந்தப் பொறுப்பைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

கிணற்று நீரில் பெட்ரோல் வாடை வந்தால் குடிப்பதையும் சமைப்பதையும் அன்றே நிறுத்த வேண்டும். கொதிக்க வைத்தால் ஆவி வீட்டுக்குள் பரவும், தீப்பிடிக்கவும் கூடும். வாடை இல்லை என்பதால் நிம்மதியடையவும் முடியாது, மூக்குக்கு எட்டும் முன்பே பென்சீன் வரம்பைத் தாண்டியிருக்கலாம். மாதிரியைப் பாதி நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோனால் பென்சீன் வழியிலேயே பறந்துவிடும். காற்றிடம் இல்லாமல் கண்ணாடிக் குப்பியில் நிரப்பி, ஐஸில் வைத்து, பென்சீன் பரிசோதனை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முதலில் கவனித்த தேதியையும் எழுதி வையுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு, மற்றச் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு ஆறே மாதம்.