பெயர் அதேதான், கதவு ஏன் திறக்கவில்லை?

வெள்ளி இரவு சர்வரைப் புதிய டொமைனுக்கு மாற்றியாயிற்று. திங்கள் காலை கணக்குப் பிரிவில் ஒருவர் வழக்கமான ஃபோல்டரைச் சொடுக்குகிறார்: அனுமதி இல்லை. கோப்பு ஒன்றுகூடத் தொலையவில்லை. பின் ஏன்?

விண்டோஸ் ஆளைப் பெயரால் அறிவதில்லை. டொமைன் கணக்குகளுக்கு எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் (சிட்) உண்டு. ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் பதிந்திருப்பதும் அந்த எண்தான். புதிய டொமைனில் அதே பெயரில் கணக்குத் திறந்தாலும் எண் வேறு. பழைய ஃபோல்டரின் 'செக்யூரிட்டி' பக்கத்தைப் பார்த்தால், பெயர் இருந்த இடத்தில் வெறும் எண் வரிசை நிற்கும். யாருடையது என்று சொல்ல ஆளில்லை. இதற்காகவே, பழைய எண்ணைப் புதிய கணக்கோடு சேர்த்து வைக்கும் 'சிட் ஹிஸ்டரி' என்ற வசதி இருக்கிறது.

நாவெல் நெட்வேரிலிருந்து விண்டோஸுக்கு வந்தவர்களின் தலைவலி வேறு. நெட்வேரில் உரிமை இல்லாத ஃபோல்டர் கண்ணிலேயே பட்டதில்லை. விண்டோஸிலோ 'சம்பளம்' என்ற ஃபோல்டர் அப்போது எல்லாருக்கும் தெரிந்தது, திறக்க மட்டும் வரவில்லை. பார்த்தவர் சும்மா இருப்பாரா! மறைக்கும் வசதி விண்டோஸ் சர்வர் 2003-இன் முதல் சர்வீஸ் பேக்கில்தான் வந்தது.

இன்னொரு சிக்கல்: நெட்வொர்க் வழியே வருபவருக்கு இரண்டு வாசல். பகிர்வுக்கான ஷேர் அனுமதி ஒன்று, வட்டிலுள்ள ஃபோல்டருக்கான என்டிஎஃப்எஸ் அனுமதி மற்றொன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும்.

கோப்புகளைச் சாதாரணமாகக் காப்பி செய்தால், போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதிகளே ஒட்டிக்கொள்ளும். பழையவை கூடவே வர, ரோபோகாப்பி கட்டளையில் அதற்கான சுவிட்சைச் சேர்க்க வேண்டும். அவசரத்தில் பலர் அதைத்தான் மறக்கிறார்கள். பிறகு எல்லாருக்கும் 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள்.