பந்துக்கு எவ்வளவு பெரிய வாசல்?

அமெரிக்காவில் அக்டோபர் மாதம் வந்துவிட்டால் கூடைப்பந்து ரசிகர்களுக்குத் திருவிழாதான். என்.பி.ஏ. போட்டிகள் தொடங்கும் காலம் அது. ஆட்டம் முடிய ஒரே நொடி. தன் அணி இரண்டு புள்ளி பின்தங்கி நிற்கிறது. தொலைவிலிருந்து ஒருவர் பந்தை எறிகிறார். அந்த ஓர் எறிதலுக்காகத்தான் ரசிகர்கள் காத்திருக்கிறார்கள்!

அங்கு 1979-இல் மூன்று புள்ளிக் கோடு அறிமுகமாயிற்று. வளையத்திலிருந்து அதன் அதிகபட்சத் தொலைவு 7.24 மீட்டர். கோட்டுக்கு வெளியே நின்று பந்தைக் கூடையில் போட்டால் 3 புள்ளிகள். ஸ்டீபன் கரி 2015-16 பருவத்தில் மட்டும் 402 முறை இப்படிப் போட்டார்.

பந்தை ஏன் வில்போல் வளைத்து எறிய வேண்டும்? ஒரு டம்ளரை எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். வட்டமான வாய் நீள்வட்டமாகக் குறுகித் தெரிகிறதல்லவா? சாய்வாக வரும் பந்துக்கும் வளையம் அப்படித்தான் குறுகுகிறது. வளையத்தின் விட்டம் சுமார் 46 செ.மீ.; பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. பந்து 45 பாகைச் சரிவில் இறங்கினால் 32 செ.மீ. வாசல் கிடைக்கும். 30 பாகையானால் 23 செ.மீ.தான்; வளையத்தில் இடிக்காமல் பந்து நுழையவே முடியாது!

அப்படியானால் வானளாவ எறிந்தால் என்ன? அதற்கு அதிக வேகம் வேண்டும். குறியும் எளிதில் தவறும். ஆகவே நடுவழியே நல்லது.

நாளை பள்ளி மைதானத்தில் தட்டையாகப் பத்து முறையும் வளைத்துப் பத்து முறையும் எறிந்து பாருங்கள். எது அதிகம் விழுகிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.