ஒரு துளைதான் வித்தியாசம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை செய்யும் தம்பி ஒருவர் சில வாரங்களுக்கு முன் நமது கடைக்கு வந்தார். போல்ட், நட், வெல்டிங் ரொட் வாங்க வழமையாக வருபவர்தான். அன்று அவர் கேட்டது வேறு.

"முதலாளி, ரெண்டு இஞ்சி பித்தளை ரொட் ஒரு அடி நீளத்துக்குக் கிடைக்குமா?"

"என்ன தம்பி, பெக்டரிக்கா?"

"இல்ல முதலாளி, பீரங்கி செய்யப் போறேன்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் மேசை மேல் வைக்கும் அளவிலான பித்தளைப் பீரங்கிக்குக் கறுப்பு மருந்து போட்டு, திரியில் நெருப்பு வைக்கிறார். சத்தம், புகை, தூரத்தில் வைத்த தகர டப்பாவில் ஓட்டை. "லேத் மெஷின்ல ரெண்டு நாள் வேலை முதலாளி. பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு!" என்றார். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

அந்தத் தம்பிக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இந்தக் கேள்வி நாளை உங்கள் கடைக்கும் வரலாம். வருமுன் யோசித்து வைப்பது நல்லது.

பொழுதுபோக்கின் கணக்கு

அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகளில் இது பலருக்குப் பொழுதுபோக்கு. பழைய கப்பல் பீரங்கி, கோட்டைப் பீரங்கிகளைச் சிறிதாக்கி, சக்கரம், வண்டி, இரும்புப் பட்டை எல்லாம் அச்சொட்டாகச் செய்து, சட்டம் இடம் தரும் இடங்களில் வெடித்தும் பார்ப்பார்கள். சிறு பீரங்கி புதிய விஷயமும் அல்ல. பாரிஸ் நகரில் பலே ரோயல் தோட்டத்தில் 1786ஆம் ஆண்டு ஒரு கடிகாரக்காரர் குட்டிப் பீரங்கியொன்றை நிறுவினார். நடுப்பகல் வெயில் பூதக்கண்ணாடி வழியாகத் திரியில் விழுந்ததும் அது தானே வெடிக்கும். ஊரார் அதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக் கொண்டார்கள்.

வியாபாரிக்கு இதில் கவனிக்க வேண்டிய கணக்கொன்று உண்டு. இரண்டு இஞ்சி விட்டம், ஒரு அடி நீளமுள்ள பித்தளை ரொட் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல் வரும். எல்லா அளவையும் பாதியாக்கினால் எடை பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். ஏறக்குறைய அறுநூற்றைம்பது கிராம். உலோகச் செலவு எட்டில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் பொருளின் விலை எட்டில் ஒன்றாக விழாது, ஏனென்றால் வாங்குபவர் காசு கொடுப்பது கைவேலைக்கு. லேத்தில் விழும் பித்தளைச் சுருளையும் பழைய பித்தளைக்காரர் எடை போட்டு வாங்கிக் கொள்வார்.

இதே கணக்கு மறுபக்கம் திரும்பும்போதுதான் ஆபத்து. உலோகம் குறைகிறதே தவிர, மருந்தின் குணம் குறைவதில்லை. அடைபட்ட மருந்து எரிந்து வரும் வாயு, பெரிய பீரங்கியில் எப்படிச் சுவரை நெருக்குமோ அப்படியே சின்னதிலும் நெருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள், மருந்து இருக்கும் இடத்தில் சுவரின் கனம் குறைந்தது துளையின் விட்டமளவாவது இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். வார்ப்புப் பித்தளைக்குள் காற்றுக் குமிழி இருந்தால் வெளியே தெரியாது. நீளவாக்கில் ஒட்டிய ஜீ.ஐ. குழாயோ ஒட்டிய இடத்தில் பிளக்கும். அப்படிப் பிளந்தால் குண்டு முன்னால் போகாது. துண்டுகள் பக்கத்தில் நிற்பவர் மேல்தான் பாயும்.

சாவி வெடி

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சிறுவயதில் நாங்களும் பீரங்கி செய்தோம். அதன் பெயர் சாவி வெடி. ஓட்டைச் சாவிக்குள் நெருப்புக்குச்சி மருந்தைச் சுரண்டிப் போட்டு, ஆணியைச் சொருகி, கயிற்றில் கட்டிச் சுவரில் அடிப்பது. தீபாவளிக்கு லயத்துப் பிள்ளைகளும் பெருநாளுக்கு நாங்களும் போட்டி போட்டு அடிப்போம். ஒருநாள் சாவி போதாதென்று எனது மாமி மகன் ஒரு குழாய்த் துண்டை எடுத்தான். இடது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின.

அவன் அந்த நெருப்புப் பெட்டிகளை வாங்கியது எங்கள் கடையில். அன்றிரவு வாப்பா சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து எந்தச் சிறுவனுக்கும் ஒரு பெட்டிக்கு மேல் கொடுத்ததில்லை. "வித்தது நாம, நமக்குப் பங்கில்லையா?" என்று உம்மாவிடம் அவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

ஒரே பகுதி, இரண்டு வெடி

இந்தியாவில் போபால் நகருக்கு அருகில் றாய்சேன் என்றோர் ஊர் இருக்கிறது. நவாப்கள் காலத்து வழக்கப்படி, அங்கே ரமழானில் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் கோட்டை மலையிலிருந்து பீரங்கி வெடிக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் அந்த ஒரு மாதத்துக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பார். நோன்பு முடிந்ததும் பீரங்கியைத் துடைத்து அரசாங்கத்திடம் ஒப்படைத்து விடுவார்கள். யார் வெடிக்கலாம், எப்போது வெடிக்கலாம், பிறகு அது எங்கே இருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு இருக்கிறது.

அதே போபால் பகுதியில் 2025 ஒக்டோபர் தீபாவளிக்கு, பிளாஸ்டிக் குழாயில் செய்த "கார்பைட் துப்பாக்கி" தெருவோரத்தில் நூற்றைம்பது, இருநூறு இந்திய ரூபாவுக்கு விலைபோனது. கார்பைட் கல்லில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு அது தெரிந்ததுதான். பற்றவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்த பிள்ளைகளின் முகத்தில் அது வெடித்தது. அந்த மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண் காயத்துடன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அவர்களில் பலர் சிறுவர்கள். சிலருக்குப் பார்வையே போனது. பிறகு விற்றவர்களைப் பொலிஸ் தேடியது. நூற்றைம்பது ரூபாவில் அந்த வியாபாரிக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

நமது நாட்டுச் சட்டமும் தெளிவானது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் குழலின் நீளத்தைப் பார்ப்பதில்லை, குண்டு வெளியேற முடியுமா என்றுதான் பார்க்கிறது. முடியுமானால் அது துவக்கு. வெடிமருந்தைத் தயாரிக்க, வைத்திருக்க, விற்க 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். விளையாட்டுக்குச் செய்தேன் என்பது பதிலாகாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் வீடுகளிலிருந்த பழைய வாளுக்குக்கூட விளக்கம் சொல்ல வேண்டி வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நம்மவர் கடையிலிருந்து போன பித்தளைக் குழல் எங்காவது வெடித்தால், அந்தப் பதில் கடைக்காரர் ஒருவரோடு நிற்காது.

மலைநாட்டுப் பீரங்கி

அப்படியானால் அந்தத் தம்பியின் திறமையை வீணாக்குவதா? இல்லை. நமது மலைநாட்டுக்கே பெயர்போன ஒரு சிறு பீரங்கி உண்டு. லெவுக்கே திசாவை 1740களில் கண்டி மன்னர் ஸ்ரீ விஜய ராஜசிங்கனுக்குப் பரிசளித்தது. வெண்கலக் குழல், வெள்ளி, பொன், மாணிக்கக்கல், சூரியன், பிறை, சிங்கம் என்று நகைபோல் செய்த பீரங்கி. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எடுத்துப் போனார்கள். நீண்ட காலம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையில் இருந்து, 2023 டிசம்பரில் நாடு திரும்பியது. அதற்கு மதிப்புத் தந்தது அதன் வேலைப்பாடு. அது எத்தனை குண்டு சுட்டது என்று இன்று யாரும் கேட்பதில்லை.

கண்டி வீதியில் பிலிமத்தலாவையைத் தாண்டிப் போகிறவர்கள் பித்தளைக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். குத்துவிளக்கும் யானையும் நிறைய இருக்கின்றன. நுவரெலியா வரும் உல்லாசப் பயணிக்கு நாம் விற்பது தேயிலைப் பக்கற்றுதான். தோட்டத்து ஃபிட்டரின் கையால் கடைந்த, மேசையில் வைக்கும் குட்டிப் பீரங்கிக்கு அந்த அலுமாரியில் இடமுண்டு என்றே நினைக்கிறேன்.

ஆகவே அந்தத் தம்பிக்கு நான் ரொட் விற்றேன். இரண்டு இஞ்சி அல்ல, ஒரு இஞ்சி. அரை அடி நீளம். ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். "வாயை அழகுக்குக் கொஞ்சம் குடைஞ்சிக்கோ. உள்ளே போகாதே. திரி வைக்கிற துளை போடவே போடாதே. அந்தத் துளை இல்லாட்டி அலங்காரப் பொருள், இருந்தா பொலிஸ் கேஸ்." முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் செய்து கொண்டு வந்தார். இப்போது அது நமது காசு மேசையில் இருக்கிறது. இதுவரை மூன்று பேர் விலை கேட்டு விட்டார்கள்.

வியாபார அன்பர்களே, இதை ஒரு தொழிலாகச் செய்ய விரும்புபவர் முதலில் பொலிஸிலும் சட்டத்தரணியிடமும் கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள். நூதனசாலைப் பொருளை அப்படியே நகலெடுப்பதானால் அங்கும் விசாரியுங்கள். வாங்கும் பயணியிடம், விமானத்தில் கைப்பையில் வைக்க வேண்டாம் என்று சொல்லி விடுங்கள். கார்பைட், கந்தகம், குழாய் கேட்டு வரும் இளைஞரிடம் "எதற்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதனால் ஒரு வாடிக்கையாளர் கோபித்துக் கொண்டு போகலாம். பரவாயில்லை. எனது மாமி மகன் இன்றும் கடைக்கு வருகிறான். தேநீர்க் கோப்பையை வலது கையால்தான் வாங்குவான்.